எனக்குத் திறக்குதே!

மார்ச் 9, திங்கள்

காலை பத்து மணிக்கு அறுபத்து நான்கு மெயில்கள் போயின. மொக்போ நகரத் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் அறக்கட்டளை கட்டிய முதியோர் குடியிருப்பில் வீடு கிடைத்தவர்களுக்கு. "வெள்ளி மாலை ஆறு மணிக்குள் கீழே உள்ள லிங்க்கைத் திறந்து சம்மதம் தெரிவிக்கவும். தவறினால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்." பியோ டீம் லீடரின் வாசகம். 'தவறினால்' என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் அவர்தான்.

பதினொன்றரைக்குள் ஏழு போன். எல்லோருக்கும் ஒரே கதை. லிங்க்கைத் தொட்டால் சம்மதப் பக்கம் வரவில்லை. "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல, உங்கள் தகவலை யாரோ திருட முயலலாம்" என்று சிவப்பாக வருகிறது. என் போனில் தொட்டேன். அதேதான்.

பியோவிடம் சொன்னேன். தன் கணினியில் அழுத்தினார். பக்கம் சமர்த்தாகத் திறந்தது.

"எனக்குத் திறக்குதே."

"எனக்குத் திறக்கலையே சார்."

"அப்ப உங்க போனைப் பாருங்க. வெப்சைட் பாத்துக்கத்தானே உங்களை வெச்சிருக்கு?"

பதினொரு வருஷமாக இந்த வெப்சைட்டைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். அவர் வந்து பதினான்கு மாதம். திரும்பி வந்தேன். இதை ஏன் அவரிடம் சொல்லவில்லை? தெரியவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் வலிக்கிறது.

மார்ச் 10

போன் எடுக்கும் யுன்-ஜா அக்காவின் மேசையில் பியோ ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். "எச்சரிக்கை வந்தால் 'தொடரவும்' பொத்தானை அழுத்தச் சொல்லவும்."

கிழித்தேன். ஆளே வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுக் கிழிச்சீங்க?"

"சார், மோசடி லிங்க்ல ஏமாறாதீங்கன்னு போலீஸ்காரங்க ஒவ்வொரு முதியோர் மன்றமா போய்ப் பாடம் எடுக்கறாங்க. சிவப்புப் பக்கம் வந்தா மூடிடுங்கன்னு. நாமளே மூடாத, உள்ள போன்னு சொல்லித் தர்றதா?"

"பிரசங்கம் வேண்டாம். ஒட்டுங்க."

ஒட்டவில்லை. அவரே ஒட்டினார், நாலு மூலைக்கும் டேப் வைத்து.

வேடிக்கை என்னவென்றால், போன் செய்பவர்கள் எல்லோரும் 'அப்படிப் பொத்தானே இல்லை' என்கிறார்கள். என் போனிலும் இல்லை. பியோவின் விளக்கம்: "வயசானவங்க, கண்ணு தெரியாது."

"இவரு ஒருத்தருக்குத்தான் ஊர்லயே கண்ணு நல்லா தெரியுது" என்றார் யுன்-ஜா அக்கா, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு.

மார்ச் 11

இருபத்திரண்டு போன். மதியத்துக்கு வைத்திருந்த கடற்பாசி சூப் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. பியோ மேசையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 12

கண்டுபிடித்துவிட்டேன். மெயிலில் உள்ள லிங்க் நேராக எங்கள் வெப்சைட்டுக்கு வருவதே இல்லை. மெயில் அனுப்பித் தரும் கம்பெனியின் சர்வருக்கு முதலில் போகிறது. அங்கே யார் தொட்டார்கள் என்று எண்ணிவிட்டு எங்களிடம் தள்ளிவிடுகிறார்கள். எண்ணும் முகவரிக்கு எங்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த சர்வர் நீட்டும் சான்றிதழில் இருப்பதோ கம்பெனியின் பெயர். தட்டிய கதவில் ஒரு பெயர், உள்ளே இருப்பவன் காட்டும் அடையாள அட்டையில் வேறு பெயர். பிரவுசர் கத்தாமல் என்ன செய்யும்?

இந்த எண்ணிக்கையை ஜனவரியில் போட்டுவிட்டது பியோ. நிர்வாகக் குழுவுக்கு 'எத்தனை சதவீதம் பேர் தொட்டார்கள்' என்று படம் காட்ட. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எண்ணிக்கையை எடுத்துட்டு மறுபடி மெயில் அனுப்புவோம் சார். கெடுவை ஒரு வாரம் தள்ளி வைங்க."

"இன்னொரு மெயில் போச்சுன்னா முதல் மெயில் தப்புன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி."

"தப்புதானே?"

"எனக்குத் திறக்குதே!"

கம்பெனிக்கு எழுதினேன். எங்கள் பெயரில் சான்றிதழ் போட இரண்டு வாரம் ஆகுமாம்.

போன் செய்தவர்களுக்கு நேர் முகவரியை என் சொந்த எண்ணிலிருந்து அனுப்பினேன். சிலர் திறந்தார்கள். சிலர் 'இதுதான் அசல் திருட்டு' என்று என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். யுன்-ஜா அக்கா சாப்பிடப் போன நேரம் ஒரு போனை நான் எடுத்தேன். தக் மால்-சுன், எழுபத்து நான்கு வயது.

"ஏம்மா, நீ நிஜமாவே அறக்கட்டளைதானா?"

"ஆமாம்மா. என் பேரு கூ மி-ரன். வெப்சைட் பாத்துக்கறேன்."

"பேரு எவ வேணா சொல்லலாம். திருட்டுக் கூட்டத்துலயும் பொம்பளைங்க இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசுவாளுங்களாம். பாடத்துல சொன்னாங்க."

"அப்ப நேர்ல வந்துடுங்கம்மா."

"மலை மேல இருக்கேன். நூத்தி அறுபது படி. முட்டி நல்லா இருந்தா நான் ஏன் உங்க வீட்டுக்கு எழுதிப் போடறேன்?" வைத்துவிட்டார்.

போனிலேயே சம்மதத்தைப் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டேன். விதியில் இல்லை என்றார் பியோ. விதியை எழுதியவர் அவர்.

மார்ச் 13, வெள்ளி

ஆறு மணி. பதினொரு பேர் சம்மதம் தெரிவிக்கவில்லை. அதில் தக் மால்-சுன் பெயரும் உண்டு. பியோ ஐந்து ஐம்பத்தெட்டுக்கே கோட்டு மாட்டிக்கொண்டார்.

மார்ச் 16, திங்கள்

காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பதினொரு பேருக்குக் காலை ஒன்பதுக்கே மெயில் போய்விட்டது. இதற்கு மட்டும் எத்தனை சுறுசுறுப்பு.

பியோவின் வாயை அடைத்தே தீர வேண்டும் என்று ஆதாரம் சேர்க்க உட்கார்ந்தேன். யுன்-ஜா அக்காவின் சொந்த போனை வாங்கி லிங்க்கைத் தொட்டேன். திறந்தது! எரிச்சலோடு, சரி, நம் முகப்புப் பக்கமாவது இதில் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. மறுபடி லிங்க்கைத் தொட்டேன்.

சிவப்பு. 'தொடரவும்' பொத்தான் இல்லை.

ஒரே போன். நடுவில் செய்தது ஒன்றுதான், எங்கள் முகப்புப் பக்கத்தைப் பார்த்தது.

சர்வரில் நான் செய்த மாற்றங்களைத் திறந்தேன்.

மார்ச் 3 அன்று சர்வரில் ஒரு வரி சேர்த்தேன். நான்தான். பாதுகாப்பு பலமாகட்டும் என்று. எங்கள் முகப்புப் பக்கத்துக்கு ஒருமுறை வந்துபோன பிரவுசருக்கு அது இடும் கட்டளை: இனி இந்தப் பெயரிலும் இதன் கீழ் வரும் எல்லாப் பெயர்களிலும் சரியான சான்றிதழ் இல்லாமல் நுழையாதே, 'தொடரவும்' என்ற வழியையும் காட்டாதே. எல்லாப் பெயர்களிலும். எண்ணும் முகவரியும் எங்கள் பெயருக்குக் கீழேதான். அதுவரை அது பழைய பூட்டில்லாத http முகவரி. பிரவுசர் சான்றிதழ் கேட்காமலே ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. பூட்டுக் கேட்க வைத்தது என் வரி.

அப்படியென்றால் மாட்டியவர்கள் யார்? மெயில் வரும் முன்பே எங்கள் பக்கத்துக்கு வந்து வீட்டின் படத்தைப் பார்த்தவர்கள், அறிவிப்பை இரண்டு முறை படித்தவர்கள். அந்த வீட்டை அதிகம் விரும்பியவர்கள்.

பியோவுக்கு ஏன் திறந்தது? பதினான்கு மாதத்தில் அந்த மனுஷன் எங்கள் வெப்சைட்டை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை!

சிரித்தேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17

வரியை எடுத்துவிட்டேன். பயனில்லை. ஏற்கெனவே கட்டளை வாங்கிய பிரவுசர்கள் ஒரு வருஷத்துக்கு மறக்காது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 18

பியோ எண்ணிக்கையைப் போடாமல் இருந்திருந்தால் என் வரி யாரையும் தொட்டிருக்காது. உண்மை. நான் வரியைப் போடும் முன் எங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால்? அதுவும் உண்மை. அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஏன் பார்க்கவில்லை? எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர். பதினொரு வருஷத் திமிர்.

பியோவுக்குத் தெரியாது. தெரியவே போவதில்லை. அந்த ஆள் கையில் நானே கத்தியைக் கொடுப்பேனா? மாட்டேன்.

மார்ச் 19

பியோவின் அறிக்கை தயாராம். "விண்ணப்பதாரர்களின் முதுமை, கருவிகளைக் கையாளத் தெரியாமை ஆகியவற்றால் பதினொரு வீடுகள் கைவிடப்பட்டன." கீழே தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்று என் பெயர், கையெழுத்துக்குப் பதில் வைக்கும் பெயர் முத்திரைக்கு இடம் விட்டு.

"முத்திரை வெச்சிடுங்க மி-ரன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

உங்களுக்கும் நல்லது. அவர் ஏதோ மோப்பம் பிடித்துவிட்டாரா, சும்மா சொன்னாரா? வைப்பதற்கு முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்போது வாசலில் ஒரு கிழவி. ஊதா நிறக் குளிர்ச்சட்டை, இரண்டு கையிலும் ஊன்றுகோல். நூற்று அறுபது படி இறங்கி வந்திருக்கிறார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய போனைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

"எவடி கூ மி-ரன்?"

"நான்தாம்மா."

"அப்ப நிஜமாவே இருக்கியா நீ." மூச்சு வாங்கினார். "என் வீட்டை வேற எவனுக்கோ குடுத்துட்டீங்களாம். காட்டு, எந்தப் பொத்தானை நான் அமுக்கல? காட்டு!"

பியோ எழுந்து வந்தார். "பாட்டி, இந்த போன் விஷயமெல்லாம் உங்க வயசுக்கு—"

"நீ பேசாத. நான் நாப்பது வருஷம் துறைமுகத்துல மீன் ஏலம் கூவினவ. எனக்குப் படிக்கத் தெரியும்."

தொட்டுக் காட்டினேன். சிவப்பு. பொத்தான் இல்லை.

"நீங்க எதையும் தப்பா பண்ணலம்மா" என்றேன். "தப்பு எங்களோடது. பாதி இவர் பண்ணினது. பாதி நான் பண்ணினது." எப்படி என்று முழுவதும் சொன்னேன். யுன்-ஜா அக்கா ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார்.

மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேனா? என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள்."

"மூணு நாள்" என்று சொல்லிவிட்டு போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாடகைக் காருக்குச் சொல்கிறேன் என்றேன். காது கேட்காதவர் போல நடந்துபோனார்.

மார்ச் 20

செயலாளர் குக் அம்மா அறையில் இரண்டு மணி நேரம். பியோ முந்திக்கொண்டார்: "அவங்களே ஒத்துக்கிட்டாங்க, அவங்க போட்ட வரிதான்."

"நீங்க போட்ட எண்ணிக்கையைச் சொல்லலையே?" என்று குக் அம்மா கேட்டதும் அவர் காது மடல் சிவந்தது. பார்க்க நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் நன்றாக இருந்தது.

பதினொன்றில் எட்டு வீடுகளுக்குப் புதியவர்கள் ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டார்கள். பிடுங்க முடியாது. மிச்சம் மூன்று வீடுகளைப் பழையவர்களுக்குக் குலுக்கிப் போட்டார்கள். தக் மால்-சுன்னுக்கு விழவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் இலையுதிர்காலத்தில் முடியும் இரண்டாம் கட்டடத்தில் முதலிடம். இன்னொரு கோடை அந்தப் படிகளில்.

மார்ச் 27

கண்டனக் கடிதம் வந்தது. என் பெயருக்கு மட்டும். பியோவுக்கு 'வாய்மொழி அறிவுரை'.

செப்டம்பர் 14, திங்கள்

இரண்டாம் கட்டடத்து மெயில்கள் பத்து மணிக்குப் போயின. எண்ணிக்கை இல்லை, நேர் லிங்க். எங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களிடம் இரவல் வாங்கி, பதினாறு போனில் தொட்டுப் பார்த்த பிறகே அனுப்ப விட்டேன். பியோ என்னுடன் பேசுவதில்லை. வேண்டியதை யுன்-ஜா அக்காவிடம் சொல்லி அனுப்புகிறார். நானும் அப்படியே பதில் அனுப்புகிறேன். நிம்மதிதான்.

பத்து நாலுக்கு என் மேசை போன் அடித்தது.

"கூ மி-ரன்தானே? ஒரு மெயில் வந்திருக்கு. நீதான் அனுப்பினியா?"

"நான்தாம்மா."

"வீட்டு எண் என்ன போட்டிருக்கு, சொல்லு."

"முந்நூத்தி ரெண்டு. தெற்குப் பார்த்தது."

அந்தப் பக்கம் நகம் திரையில் தட்டும் சத்தம். தொடுகிறார் என்று தெரிந்தது.

"திறந்துடுச்சு" என்றார் தக் மால்-சுன்.

"சம்மதம்னு நீலமா ஒரு பொத்தான் இருக்கும்மா, அதை—"

"எனக்குப் படிக்கத் தெரியும்னு சொன்னேனா இல்லையா?"

போனை வைத்துவிட்டார். என் திரையைப் பார்த்தேன். முந்நூற்று இரண்டுக்கு எதிரே பச்சைக் குறி விழுந்திருந்தது.