மொச்சைக்கு யார் சிநேகம்

19-7-96, வெள்ளி
ஆடி முதல் வெள்ளி. அம்பாளுக்கு மாவிளக்கு. பால் அரை லிட்டர் கூடுதல்.

மண்டி மொஹல்லா மளிகைக் கடையிலிருந்து வந்த துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கன்னடப் பேப்பர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்தாவதோடு நின்றவளுக்குக் கன்னடம் சொல்லிக் கொடுத்தது மளிகைப் பொட்டலங்கள்தான். செடிகளுக்கும் சிநேகம் உண்டாம், பகை உண்டாம். கொடி மொச்சைக்குப் பக்கத்தில் அதன் சிநேகிதச் செடியை நட்டால் இரண்டு பங்கு காய்க்குமாம். யார் யார் சிநேகம் என்று கீழே பட்டியல்.

கீழே கிழிந்திருக்கிறது. கிழிக்கிறதுக்கு வேற இடமே கிடைக்கலையா அந்தக் கடைக்காரருக்கு?

22-7-96, திங்கள்
வீட்டுக்குக் கிழக்கே எட்டடிக்குப் பன்னிரண்டடி மண். அதற்கு சிமெண்ட் போட்டு ஷீட் கட்டி ஸ்கூட்டரை நிறுத்தப் போகிறாராம் இவர். கொத்தனார் பழனியைக் கூட்டி வந்து அளந்தும் ஆயிற்று. அங்கே மொச்சை போடப் போகிறேன் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் ஒப்பந்தம்:

"பொங்கலன்னிக்கு உன் தோட்டத்து மொச்சையை உரிச்சு ஒரு படி காட்டு பாலா. இடம் உன்னுது. இல்லேன்னா அந்த வெள்ளிக்கிழமை பழனி சிமெண்ட்டோட வருவான்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு படி என்றால் எவ்வளவு என்று அப்புறம்தான் யோசித்தேன்.

26-7-96, வெள்ளி
ராத்திரி தூக்கமே இல்லை, சந்தோஷத்தில். கிழிந்த பட்டியல் நம் வீட்டிலேயே இருக்கிறதே! மொச்சை யாருடைய தானியம்? சுக்கிரனுடையது. சுக்கிரனுக்கு யார் நட்பு, யார் பகை என்று பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. நட்பு: புதன், சனி. பகை: சூரியன், சந்திரன். ஆக, பச்சைப் பயறும் எள்ளும் பக்கத்தில் வரலாம். கோதுமையும் நெல்லும் கூடாது.

எள்ளை வீட்டில் விதைக்கலாமா? ஆஞ்சநேயரிடம் சொல்லிவிட்டு ஓரத்தில் நாலே நாலு போட்டேன், பச்சைப் பயறு ஒரு வரிசை. மொச்சை ஒன்பது குழி, குழிக்கு மூன்று. இருபத்தேழு, நட்சத்திரக் கணக்கு. வெள்ளிக்கிழமை வேறு. இதற்கு மேல் சுக்கிரனுக்கு என்ன வேண்டும்?

3-8-96, சனி
முளைத்தது பத்தொன்பது. கடைசி நட்சத்திரம் ரேவதியும் இன்னும் ஏழு பேரும் வரவில்லை.

பக்கத்து வீட்டு சுலோசனா வந்து பார்த்தாள். கொள்ளேகால்காரி. அவள் அப்பா காட்டில் ராகிக்கு நடுவே சோளம் போட்டு, அதன்மேல் அவரையை ஏற்றிவிடுவார்களாம். மடியில் மக்காச்சோளம் முடிந்து கொண்டு வந்திருந்தாள். அது எந்தக் கிரகத்து தானியம் என்று கேட்டேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தாள்.

நவதானியத்தில் சோளம் இல்லை. நிறத்தைப் பார்த்தால் பொன். அப்படியானால் குரு. குரு தேவர்களுக்கு வாத்தியார், சுக்கிரன் அசுரர்களுக்கு வாத்தியார். இரண்டு பேரையும் ஒரே பாத்தியில் வைக்கலாமா? வேண்டவே வேண்டாம் என்றேன்.

"எந்த வாத்தியாரா இருந்தா என்னங் மாமி, கொடி ஏறதுக்குக் கம்பு வேணுமில்லீங்க?" என்று சொல்லிக்கொண்டே வடக்கு ஓரமாக ஆறு விதையை ஊன்றிவிட்டுப் போய்விட்டாள். வடக்கு குருவின் திசை. அதனால் பேசாமல் இருந்தேன்.

23-8-96, வெள்ளி
பச்சைப் பயறு அரையடி. மொச்சை இரண்டு முழம். புதன் நல்ல சிநேகிதன்தான், ஆனால் அவன் தோளில் எப்படி ஏறுவது? சணல் கயிற்றில் பந்தல் கட்டினேன். கைவிரல் எல்லாம் எரிச்சல்.

16-9-96, திங்கள்
பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நாற்பத்திரண்டு, உடைந்தது மூன்று.

பத்தொன்பது கொடியில் பதினாலு என் சணலை விட்டுவிட்டு சோளத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குருவையே! இரண்டைப் பிரித்துச் சணலில் விட்டேன்.

18-9-96, புதன்
அந்த இரண்டும் திரும்ப சோளத்திடமே போய்விட்டன.

விளக்கேற்றும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. குருவின் பிள்ளை கசன் யாரிடம் பாடம் படித்தான்? சுக்கிரனிடம்! அப்பாவே அனுப்பினார்! பகை என்றால் பிள்ளையை அனுப்புவாரா? கையில் தீக்குச்சி சுடுகிற வரை சிரித்தேன். பொண்ணு ஹம்ஸா ஓடி வந்து, பாதிக் கன்னடத்தில், "ஏனாச்சும்மா?" என்றாள். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு இதை எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது.

23-10-96, புதன்
ஆயுத பூஜைக்கு இவர் ஸ்கூட்டருக்குப் போட்ட இரண்டு செண்டுப்பூ மாலையும் வாடிவிட்டன. பூஜை மாலையைக் குப்பையில் போட முடியுமா? உதிர்த்து மொச்சையின் காலடியில் போட்டேன்.

10-11-96, ஞாயிறு
தீபாவளி. நேற்று அடித்த காற்றில் என் சணல் பந்தல் படுத்துவிட்டது. கதிர் ஒடித்த சோளத் தட்டை ஆறும் நின்றது. அது கொடியைப் பிடித்திருக்கிறதா, கொடி அதைப் பிடித்திருக்கிறதா? தெரியவில்லை, இரண்டும் விழவில்லை.

முதல் பூங்கொத்து. ஊதா. பட்டாசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் கத்திவிட்டேன்.

25-11-96, திங்கள்
இவர் ஆபீஸ் டிரெயினிங்குக்கு மெட்ராஸ் போனார், ஒரு மாதம். ஸ்கூட்டர் தோட்டத்து ஓரத்தில், பழைய ஜமக்காளம் போர்த்தி.

12-12-96, வியாழன்
அசுவினிப் பூச்சி. குருத்தெல்லாம் கறுப்பாய் அப்பிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், போகவில்லை. விபூதி தூவினேன். அதற்கும் பக்தி வந்துவிட்டது போலிருக்கிறது, இன்னும் கூட்டம். ஒரு படி எங்கிருந்து வரும்? ஏன் வாயைக் கொடுத்தேன்? பழனி தெருவில் போகும்போது மண்ணையே பார்த்துக்கொண்டு போகிறான்.

காலடியில் புதுச் செடிகள். இலையைக் கசக்கினால் செண்டுப்பூ வாசனை. ஸ்கூட்டர் மாலையின் விதை!

20-12-96, வெள்ளி
திருப்பாவை படித்துவிட்டுப் போனால் செண்டு இரண்டு பூத்திருக்கிறது. கொடியில் பொறிவண்டு, சிவப்பாய், குங்குமப் பொட்டு நடந்து போகிற மாதிரி. எண்ணினேன்: முப்பத்தொன்று. அசுவினியைத் தின்கின்றன. பூதான் கூப்பிட்டது என்கிறேன் நான். அசுவினி வந்தால் வண்டு தானே வருமென்கிறாள் சுலோசனா. யாரோ கூப்பிட்டார்கள், வந்துவிட்டன.

24-12-96, செவ்வாய்
இவர் வந்துவிட்டார். ஜமக்காளத்தை எடுத்தவர் அப்படியே நின்றார். ஒரு கொடி சோளத்திலிருந்து தாவி ஸ்கூட்டர் ஹேண்டிலைச் சுற்றி, கண்ணாடியையும் சுற்றியிருந்தது. பூ, பிஞ்சு எல்லாம். கையை வைத்தார். இழுக்காதேங்கோ என்று கத்தினேன், தெருவுக்கே கேட்டிருக்கும்.

கையை எடுத்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"பொங்கல் வரைக்கும் பஸ்ஸிலே போறேன்" என்றார்.

6-1-97, திங்கள்
காபி டம்ளருடன் காலையில் தோட்டத்தில் நிற்கிறார். காற்று வாங்குகிறாராம். பனியில் காற்று வாங்குகிறவரை இன்றுதான் பார்க்கிறேன்.

14-1-97, செவ்வாய்
பொங்கல். சூரியனுடைய நாள், சுக்கிரனுக்குப் பகை. எழுந்ததிலிருந்து அதே நினைப்பு.

நானும் ஹம்ஸாவும் சுலோசனாவும் உட்கார்ந்து உரித்தோம். விரலெல்லாம் மொச்சை வாசனை. இவர் படியை எடுத்து வந்து கொட்டினார். தட்டினார். தலையைக் குனிந்து பார்த்தார். இரண்டு விரல் குறைந்தது.

பால் பொங்கியது, அதைக்கூட ஹம்ஸாதான் பார்த்தாள். எட்டடிக்குப் பன்னிரண்டடி. போச்சு என்று நினைத்தேன்.

இவர் எழுந்து வெளியே போனார். வேட்டி மடிப்பில் என்னவோ ஏந்தி வந்தார். ஸ்கூட்டர் ஹேண்டிலில் காய்த்தது. அதை நான் பறிக்கவில்லை, அவர் வண்டி என்று. தரையில் உட்கார்ந்து அவரே உரித்தார், பழக்கமில்லாத விரல், ஒவ்வொன்றாய். படி நிறைந்தது. மேலே கோபுரம் வைத்தது.

சுலோசனாவுக்குச் சும்மா இருக்க முடியுமா? "இது எந்தக் கணக்குங் சாமி?" என்றாள்.

"வண்டியிலே காய்ச்சது என் பங்கு. என் பங்கை நான் எங்கே வேணா போடுவேன்" என்றார்.

கூட்டில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

17-1-97, வெள்ளி
பழனி சைக்கிளில் சிமெண்ட் மூட்டையோடு வந்துவிட்டான். அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இவர் வாசலில் நின்று, வண்டியை எடுக்க முடியாதப்பா, இன்னும் பூ இருக்கு என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சாயங்காலம் துவைக்கப் போடும்போது இவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலம். பிரித்தேன். மக்காச்சோளம்.

எண்ணினேன். இருபத்தேழு.