மூன்றாவது மழைக்கோட்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது அதற்கு மேல் ஓட மாட்டேன் என்கிறது. ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். கீழ்வீட்டு டெய்லரிடம் இரவல் வாங்கிய பெட்டியில் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது, மனுஷன் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டான். அக்கா வந்து துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். அவளுடைய சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, மாமாவுக்கு அனுப்பணும், அவர் பார்க்கவேயில்லையே என்று அதைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், ஒன்றும் பேச முடியாது. அவள் இப்போது தூங்குகிறாள்.

அருவிக்குப் போன நாளைப் பற்றி அவள் உன்னிடம் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்தது. அருவி சூப்பரா இருந்துச்சுப்பா, நீ வராததும் நல்லதுக்குத்தான், அந்த மழையில உனக்குச் சளி பிடிச்சிருக்கும் என்றாள். நடந்ததை நான் சொல்கிறேன். உன் நாட்டுக்கு எங்களுக்கு விசா தர மாட்டேன் என்று மறுபடியும் கையை விரித்துவிட்டார்கள், ஊர் வரை வந்துபோக உனக்கு லீவும் போதாது, அதனால் நடுவிலே ஒரு நாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். விமானம், ஓட்டல், படகு எல்லாவற்றுக்கும் நீதான் பதிவு செய்தாய். மத்தியானம் படகுத்துறையில நில்லுங்க, நான் நேரா அங்க வந்துடறேன், மூணு பேரும் ஒண்ணாப் போவோம் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று விடியும் முன்பே எழுந்து தலைக்கு மை போட்டுக்கொண்டாள், ஓட்டல்காரனுடைய வெள்ளைத் துண்டெல்லாம் கறுப்பு. எதுக்குடி இந்த வேஷம் என்று கேட்டேன். இவ்வளவு நரைச்சுட்டேன்னு பார்த்தா புள்ளைக்குப் பகீர்னு இருக்கும்ங்க என்றாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் நீல நிற மழைக்கோட்டு விற்றாள், கெட்டியான பிளாஸ்டிக். எங்களுக்கு இரண்டு எடுத்தேன், உன் அம்மா மூன்றாவது ஒன்று வேண்டும் என்றாள். அந்தப் பெண்ணுக்கு நம் பாஷை தெரியாது, என்ன அளவு என்று கையால் கேட்டாள். உன் அம்மா தலைக்கு மேலே கையைத் தூக்கி உன் உயரத்தைக் காட்டிவிட்டாள். பிறகு இரண்டு கையையும் அகட்டினாள், குறுக்கினாள், மறுபடி அகட்டினாள், அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இப்ப ஒடம்பு போட்டிருப்பானாங்க என்று கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? வீடியோவில் நீ கழுத்துக்கு மேலேதானே தெரிகிறாய். கடைசியில் நீ இங்கிருந்து புறப்பட்டபோது இருந்த அளவிலேயே வாங்கினாள்.

அருவியைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு அருவி என்றா நினைத்தாய், ஒரு மலையே விளிம்போடு சேர்ந்து கரைந்து விழுகிறது. காலடியில் பலகை அதிர்கிறது. மேலேயிருந்து விழுகிற மழை எது, கீழேயிருந்து எழும்புகிற சாரல் எது என்று ஒன்றும் விளங்கவில்லை. உன் அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள், பிறகு சிரித்தாள். எனக்கு டம்ளர்ல அளந்து அளந்து குடுக்கறாங்க, இங்க பாருங்க இவங்க கொட்டி வீணாக்கறதை என்றாள். உனக்கு இது புரியாது, கீழே சொல்கிறேன்.

படகில் ஏறியதும் எனக்கும் அவளுக்கும் நடுவில் உன் மழைக்கோட்டைப் பிரிக்காமல் வைத்தாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற சனங்களோடு காலம் பூராவும் மல்லுக்கட்டின கண்டக்டர் நான், நானே தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன். நீ வரவில்லை, இறங்கி நின்றோம், படகு போய் வந்தது. மறுபடி ஏறினோம், மறுபடி இறங்கினோம். போனில் சிக்னலும் இல்லை. மழை வலுத்துவிட்டது, இதுதான் கடைசி, இதற்குப் பிறகு படகை விட மாட்டோம் என்று படகுக்காரன் சைகையில் சொன்னான். அப்போதும் உன் மழைக்கோட்டு நடுவில். மற்றவர்கள் நனைந்துபோய் முணுமுணுக்கிறார்கள், உன் அம்மா ஒற்றை விரலைத் தூக்கி ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று எல்லோரையும் கெஞ்சுகிறாள். தலை மை கரைந்து கழுத்து வழியாக ஓடுகிறது. படகுக்காரன் நல்லவன், அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் மேலே படிக்கட்டைப் பார்த்தேன். ஒரு ஈ காக்கா இல்லை. கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி, போலாம் ரைட் என்றேன். வேலையை விட்டு இத்தனை வருஷம் கழித்து, என்னைக் கேட்காமலே தொண்டையிலிருந்து வந்துவிட்டது. பாஷை தெரியாதவனுக்கும் அது புரிந்தது, எடுத்துவிட்டான். உன் அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. அருவிக்கு அடியில் போனதும் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், நாங்களும் கத்தினோம், அங்கே யார் அழுதாலும் தெரியாது, அது ஒரு சௌகரியம்.

ஓட்டலுக்கு வந்த பிறகுதான் உன் செய்தி வந்தது. புது மேனேஜர் லீவ் குடுக்கலம்மா, அடுத்த வருஷம் கண்டிப்பா என்று. படித்துவிட்டு, பாவம், மத்தியானம் சாப்பிட்டானோ என்னமோ என்றாள்.

அடுத்த வருஷம் கிடையாது தம்பி. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தண்ணீர் அளந்துதான் குடிக்கிறாள். போன வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அதை முன்பே தொடங்கச் சொன்னார்கள், இவள்தான் புள்ளையைப் பார்த்துட்டு வந்து படுத்துக்கறேன் என்று டாக்டரோடு சண்டை போட்டுத் தள்ளிப்போட்டாள். இனி அவளால் விமானம் ஏற முடியாது, இதற்கு மேல் தன்னால் ஆவது பெரிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள், மீறிவிட்டேன். இதைப் படித்தால் நீ ஓடி வருவாய் என்று எழுதவில்லை. முதலில் அழுவாய், பிறகு லீவ் கேட்பாய், பிறகு ஒரு செய்தி வரும். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு அலுத்துவிட்டது. அந்த ஆசையை நான் படகுத்துறையிலேயே இறக்கி விட்டுவிட்டேன், அவள்தான் இன்னும் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வேலையில் கவனமாக இரு. மேனேஜரை எதிர்த்துப் பேசாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நோய் நொடியில்லாமல் நல்லபடியாக இரு, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

மறக்காதே, இதோடு அந்த மழைக்கோட்டையும் அனுப்பியிருக்கிறேன். அக்கா மகளுடைய பல்லும் அதன் பையில் இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஒரு வரி சொல். கை நுழையாவிட்டாலும், சரியாக இருக்கிறது என்றே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா