கப்பியில் குறையில்லை

ஜனவரி 5, திங்கள்
என் வீட்டுக்காரி அமீர் நிஷா இனிப் படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. மூட்டு டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். நாங்கள் குடியிருப்பது மாடியில், கீழே என் லேத் பட்டறை. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிப்போனோம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மேலே போனதும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நோன்புக்குள்ள எறங்கிடுவேன்ல?"
நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகை தராவீஹ் தொழத் தெருப் பெண்கள் எல்லாம் அவளுடைய மூத்தவள் சுல்தான் பீவி லாத்தா வீட்டில் கூடுவார்கள். போன வருஷமே இவளால் போக முடியவில்லை.
இறக்கிவிடுவேன் என்றேன். சொன்னால் செய்வேன்.

ஜனவரி 9
மீன்காரி காசியம்மா வந்தாள். அமீர் நிஷா பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை விட்டாள். மத்தி ஏறிப் போனது. மத்தி ஏறுமென்றால் மனுஷி ஏன் இறங்கக் கூடாது? உத்திரம், கப்பி, நாற்காலி. கணக்குப் போட்டாயிற்று.

ஜனவரி 20
நாற்காலியில் சிமெண்டு மூட்டையைக் கட்டி இறக்கினேன். பாதியில் சுழன்று சுவரில் இடித்தது. "பாய், மூட்டைக்குத் தலை சுத்துது" என்றாள் காசியம்மா. சிரிக்கும்படி இதில் ஒன்றுமில்லை.

ஜனவரி 23
இரண்டு பக்கமும் குழாய் நட்டு நாற்காலியை அதில் ஓடவிட்டேன். மூட்டை பூப்போல இறங்கியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"என்னை மத்தி மாதிரி எறக்கப் போறீங்களா? தெரு பூரா பார்க்க?"
திரை கட்டலாம் என்றேன். உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 24
திரைக்குத் துணி அளந்தேன்.

ஜனவரி 29
கவியா வந்தது. தலத்தெருப் பெண், என்ஜினீயரிங் கல்லூரியில் டிசைன் பாடம் எடுக்கிறது. பிள்ளைகள் செய்யும் மாதிரிகளை என்னிடம் வெல்டிங்குக்குக் கொண்டுவரும். படித்த என்ஜினீயர்களை எனக்குப் பிடிக்காது. இது பரவாயில்லை.
கப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "வேலை சுத்தமா இருக்கு பாய். ஆனா கேள்வி என்ன?"
"அவளை எப்படி எறக்குறது. வேறென்ன?"
"எறக்குறதுன்னு சொன்னதுமே பாதி விடையைக் கேள்விக்குள்ளயே வச்சுட்டீங்க. அப்புறம் கயிறு, கப்பி தவிர என்ன தோணும்? எங்க பிள்ளைங்களுக்கு முதல் வாரம் முழுக்க கேள்வியை மாத்தி மாத்தி எழுதறதுதான் வேலை. ஒரு ஆணி அடிக்க விடமாட்டேன்."
ஒரு வாரம் ஆணி அடிக்காமல் இருப்பதற்குக் கல்லூரி எதற்கு என்று கேட்டேன்.
"அம்மாவைக் கேட்டீங்களா?"
அவளைக் கேட்க என்ன இருக்கிறது? எடை எனக்கே தெரியும்.
மேலே போய் டீ குடித்துவிட்டு வந்தது. "அம்மாவுக்கு எறங்கறது பெரிசில்ல பாய். நாலு பேரு வந்துபோற இடத்துல இருக்கணும். அவ்வளவுதான்." பட்டறையை ஒரு தடவை பார்த்தது. "இந்த லேத் என்ன எடை இருக்கும்?"
சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அது தெரு திரும்பிய பிறகுதான் ஏன் கேட்டது என்று புரிந்தது. பட்டறையைக் காலி செய்யச் சொல்கிறது.

ஜனவரி 30
குவைத்தில் வேலை பார்த்தபோது கடைசிவரை என் அட்டையில் ஹெல்ப்பர் என்றுதான் போட்டிருந்தான். நான் செய்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டவன் டிகிரிக்காரன். இங்கேதான் பலகையில் என் பேர், அப்துல் லத்தீப் என்று இருக்கிறது. அதைக் கழற்றவா? கேள்வியை மாற்று என்றால் — நீ மாறு என்றுதானே அர்த்தம்?
முடியாது.

பிப்ரவரி 3
சுல்தான் பீவி வாசலில் நின்று சத்தம். "மாப்பிள்ளை, இது யாரு வீடு?"
எங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தின்போது மாமனார் அமீர் நிஷா பேரில் எழுதியது. வந்து குடியேறியவன் நான். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இன்றும் சொல்லவில்லை. மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். லாத்தாவை அடக்கவும் இல்லை.
ஏறிப்போய்க் கேட்டேன், என்னதான் வேண்டும் என்று.
"என்னையா கேக்குறீங்க?" பால்கனிக் கூடையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "கீழ எனக்கு ஒரு கட்டில் போடுங்க. போதும்."

பிப்ரவரி 7
துளை மிஷின், கிரைண்டர், வெல்டிங் செட் மொட்டைமாடிக்குப் போயின. கப்பியில்தான். எதுவும் சுழலவில்லை.

பிப்ரவரி 12
லேத்தைத் தளம் தாங்காது, கீழேயே கிடக்கிறது. சுல்தான் பீவி அதன்மேல் பூப்போட்ட துணியை விரித்து மிக்ஸியை வைத்துவிட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 14
அதே நாற்காலி, அதே நான்கு பேர். கீழே கொண்டுவந்தோம். இனி ஏற வேண்டியதில்லை.
இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்
முதல் நோன்பு. பட்டறை இருந்த இடத்தில் பாய் விரித்தாயிற்று. இந்த வருஷம் பெண்களின் தொழுகை இங்கே. நோன்பு திறக்கவே பாதித் தெரு வந்துவிட்டது. எனக்குக் கீழே இடமில்லை, மொட்டைமாடிக்கு வந்துவிட்டேன்.
கவியா போன் செய்தது. "உங்களைப் பத்தி கிளாஸ்ல சொல்லட்டுமா பாய்?" கப்பியைப் பற்றி மட்டும் சொல் என்றேன்.
பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் கயிறு ஆடியது. எட்டிப் பார்த்தேன். கூடையில் கஞ்சிக் கிண்ணம். கீழிருந்து அமீர் நிஷா கத்துகிறாள்: "மெதுவா இழுங்க, சிந்திடும்!"
என்னிடம் போய்ச் சொல்கிறாள்.
ஒரு சொட்டு சிந்தவில்லை.