முகவாய்ச் சுருக்கம்

பிப்ரவரி 9
இன்றைக்கும் ஸ்டுடியோவில் நாள் முழுக்க ஒரே பல்லவி: "வாய மூடுங்க, பல்லு தெரியக் கூடாது." சொல்கிற என் வாய் மூடாது. இழுத்து மூடினால் முகவாய் எலுமிச்சைத் தோல் மாதிரி சுருங்கிவிடும். படம் எடுக்க வந்த ஒரு கைக்குழந்தை மட்டும் என்னை உற்றுப் பார்த்தது. மற்றவர்கள் நாகரிகமாக வேறெங்கோ பார்த்தார்கள். குழந்தையே தேவலை.

பிப்ரவரி 20
லைசென்ஸ் ஆபீஸில் என் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நானே எடுத்து, நானே கம்ப்யூட்டரில் முகவாய்ச் சுருக்கத்தை வழித்து, உதட்டை ஒட்டவைத்த படம். கவுன்டர்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க தங்கச்சியாம்மா?" என்றார். ஊரார் முகத்தையெல்லாம் அளவோடு தொட்டுக் கொடுக்கிறவள் நான். சொந்த முகம் என்றதும் கை நிற்கவில்லை.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, பல்லுக்குக் கம்பி கட்டுகிற டாக்டரிடம் போகச் சொன்னாள். திருத்தத் தேவையில்லாத படம் ஒன்று கிடைக்கட்டும், பிறகு லைசென்ஸ். அதுவரை எனக்கு பஸ்தான்.

பிப்ரவரி 27
டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். நான் வழக்கம்போலப் பல்லைத் திட்டினேன்.

"பல்ல ஏன் திட்டுறீங்க? உங்க கீழ்த்தாடை முன்னால வராம கீழ் நோக்கியே வளந்திருக்கு. அப்படின்னா மேல்பல்லும் கீழ்ப்பல்லும் விலகிப் போயிருக்கணும். போகல. எலும்போட சேர்ந்து நீண்டு வந்து ஒண்ணையொண்ணு தொட்டுக்கிச்சு. அதனாலதான் உங்களால கடிச்சுச் சாப்பிட முடியுது."

பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் முயல்குட்டி. அன்றிலிருந்து யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? அதுங்க பாட்டுக்கு எனக்காக வளந்திருக்கு — பஸ்ஸில் கண் கலங்கிவிட்டது. வலியே இல்லாமல் பல்லுக்காக அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எலும்பில் குட்டித் திருகாணிகள் பதித்து, அவற்றின் பிடியில் கடைவாய்ப் பற்களை உள்ளே அழுத்துவார்களாம். கடைவாயில் பல்லின் உயரம் குறைந்தால் கீழ்த்தாடை மேலே சுழன்று வரும், உதடும் சேரும். வராவிட்டால் தாடையை அறுக்க வேண்டும். அறுவை என்ற சொல் காதில் விழுந்ததுமே, திருகாணியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 15
திருகாணி ஏறியது. பயந்த அளவுக்கு இல்லை.

ஜூன் 2
கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை. அக்கா, "தினமும் நோண்டிப் பாத்தா விதை முளைக்குமா?" என்கிறாள்.

ஆகஸ்ட் 18
கடைவாய்ப் பற்கள் உள்ளே போய்விட்டன. தாடை வரவில்லை. ரொட்டியைக் கடைவாயில் மெல்ல முடியவில்லை. முன்பற்கள்தான் முதலில் முட்டுகின்றன. எனக்காக நீண்ட அதே பற்கள். இப்ப வழிய மறிச்சுக்கிட்டு நிக்குதுங்க. அப்ப ஆபரேஷன்தானா? டாக்டரிடம் கேட்டேவிட்டேன்.

"தாடை மேல வரப்போகுதுன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்? பழைய வேலையையே பாத்துக்கிட்டு இருக்கு," என்றார் டாக்டர். "அதையும் கொஞ்சம் உள்ள அழுத்துவோம். ஆபரேஷன் பேச்ச இப்ப எடுக்காதீங்க."

வீட்டில் சொன்னேன். "உன்ன மாதிரியே. விடுன்னு சொன்னாலும் விடாது," என்றாள் அக்கா. கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை.

நவம்பர் 5
ரொட்டி. கடைவாயில் மென்றேன்.

ஜனவரி 22
பழைய எக்ஸ்ரேயும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். முகவாய் மேலே வந்திருக்கிறது, என் கண்ணுக்கே தெரிகிறது. "ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னதும் நான் செய்த முதல் காரியம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கையை எடுக்கச் சொன்னார்.

மார்ச் 11
கடையில் கூட்டமில்லை. லைட் சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஸ்டுடியோ முதலாளி அண்ணன் என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். முடியை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே கிளிக் சத்தம்.

"என்னண்ணே, நான் இன்னும் வாயே மூடல."

அவர் கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

உதடுகள் சேர்ந்திருந்தன. முகவாயில் சுருக்கமில்லை. நான் எதையும் இழுத்துப் பிடித்திருக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

பழக்கதோஷம், படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து திருத்தப் போய்விட்டேன். எங்கே தொடுவதென்று கொஞ்ச நேரம் தேடினேன். பிறகு லைசென்ஸ் அளவில் அப்படியே பிரிண்ட் கொடுத்தேன்.