கொண்டையில் வந்த சாக்ஸபோன்

நேற்று அந்தச் சாக்ஸபோன் மறுபடியும் விக்கியது, அண்ணே. வடை மாவு கையில் அப்படியே இருக்க, நானும் நின்றுவிட்டேன்.

கூலிமிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். பழைய ஜாஸ் கச்சேரிகளை யாரிடமும் கேட்காமல் திருட்டுத்தனமாக ஒலிப்பதிவு செய்தார்களே, அந்தப் பதிவுகள் எங்கே, யார் கையால் பிறந்தன என்று ஊர் ஊராகத் தேடுகிறானாம். பீடோங் ரேடியோ கடை பாயின் மகன், "தோட்டத்து ஆளுங்க கொண்டாந்தது, அந்த அக்காவக் கேளு" என்று என் பலகாரக் கடையைக் காட்டிவிட்டான்.

பெஞ்சில் டேப்ரெக்கார்டரை வைத்துக் கேசட்டை ஓடவிட்டான். "பினாங்கு ஹோட்டல்ல எடுத்ததுன்னு ஒருத்தர் சொல்றாரு. இல்ல, ஒரு தொரை எடுத்ததுங்கிறாரு இன்னொருத்தர். இந்த இடத்துல ஏன் எகிறுதுன்னு யாருக்குமே தெரியலக்கா."

எனக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டவர் நீங்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்த சமயம். நம் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு என்பதால் கிளப்பில் தொரைமார்கள் பகலிலேயே ஆடினார்கள். பினாங்கிலிருந்து பேண்டு வந்திருந்தது. நான் குசினியில் தட்டு கழுவினேன். நீங்கள் கிளப்புக்கு ஒயர்மேன். தொரை உங்களிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ஒலிப்பதிவுப் பெட்டியை மேடைக்குப் பின்னால் வைத்து ஓட்டிவிட்டீர்கள். முடிபோல மெல்லிசான கம்பியில் சத்தத்தைப் பிடித்துச் சுற்றுகிற பெட்டி.

"ஏன்ணே இந்த வேண்டாத வேலை?" என்றேன்.

"நம்மள உள்ள விடமாட்டான். சத்தத்தையாவது வெளிய கூட்டிட்டுப் போறேன்லா."

பாய் கடையில் கொடுத்தால் நகல் எடுத்துத் தருவார். ஆனால் கேட்டைத் தாண்ட வேண்டுமே. காட்டுக்குச் சோறு போகக் கூடாதென்று வெளியே போகிற எல்லாரையும் சோதிப்பார்கள். கம்பிச் சுருள் அகப்பட்டால் காட்டுக்காரர்களுக்குத்தான் என்று உள்ளே தள்ளுவார்கள், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள். இவ்வளவும் தெரிந்த மனுஷன் அதை எங்கே ஒளித்தீர்கள்? தூக்குச்சட்டியில்!

"அண்ணே, அரிசி தேடுறவன் மொதல்ல எதத் தொறப்பான்?"

நீங்கள் முழித்த முழி! அதை நினைத்தே நான் பல வருஷம் சிரித்தேன்.

கடைசியில் சுருள் என் கொண்டைக்குள் போனது, மேலே மல்லிகை. கேட்டில் சோதனைக்காரி முந்தானையை உதறச் சொன்னாள், பையைக் கவிழ்த்தாள், "பூ நல்லாருக்குலா" என்றாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் வியர்த்துக் கொட்டினீர்கள்.

பாய் கடையில் எடுக்கும்போது கம்பியும் முடியும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. "முடிய வெட்டுங்கண்ணே, வளரும்" என்றேன். நீங்கள் கத்திரியை வைத்துக்கொண்டு யோசித்தீர்கள். "வேணாம். கல்யாணம் ஆகாத புள்ள முடியில கை வச்சா உங்கம்மா என்னை வெட்டும்." கம்பியைத்தான் வெட்டினீர்கள். சிக்கிய துண்டை எறிந்துவிட்டு மிச்சத்தை முடிச்சுப் போட்டீர்கள். அந்த முடிச்சில்தான், அண்ணே, சாக்ஸபோன் இன்றுவரை விக்குகிறது.

ஊரடங்கு போயிற்று, முள்வேலி போயிற்று, தொரைமார்களும் போனார்கள். உங்கள் பயம் மட்டும் போகவில்லை. கோப்பிக் கடையில் எவனாவது ரேடியோவைத் திருகினாலே தலையைக் குனிந்துகொள்வீர்கள். "எம்பேரு வேணாம்லா, யாருகிட்டயும் சொல்லிடாத" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே சொன்னீர்கள். அந்த வாக்கைச் சிரித்துக்கொண்டே சுமந்தேன். நீங்கள் போன பிறகு கேலி செய்யவும் ஆளில்லை. அலுத்துவிட்டது, அண்ணே. உடம்புக்கு அலுப்பு இல்லை, அந்தப் பேரைச் சொல்லாமல் வைத்திருந்ததில்தான் அலுப்பு.

தம்பி பேனாவை எடுத்தான். "தெரியலன்னா பரவால்லக்கா. தொரை எடுத்ததுன்னே போட்டுடறேன்."

தொரையா? வியர்த்தது யார், அவரா?

சொல்லிவிட்டேன். உங்கள் பேர், உங்கள் அப்பா பேர், தோட்டத்து லயத்து வரிசையில் நீங்கள் இருந்த வீடு, எல்லாம். அவன் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். எனக்குப் படிப்பு கம்மி, ஆனாலும் உங்கள் பேரை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கோபம் என்றால் கனவில் வந்து திட்டுங்கள்; அதற்கும் உங்களுக்குத் தைரியம் வராது.

இப்போது கொண்டை எலுமிச்சங்காய் அளவுதான். ஆனாலும் எந்தக் கேட்டைத் தாண்டினாலும் கை தானாக மேலே போகிறது, பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க.