மாத்திரைக்குள் சிவப்புப் புள்ளி

நவம்பர் 4, திங்கள்

விடியும்போதே மழை. ஈப்போ மழை. வேன் வைப்பர் இடது பக்கம் மட்டும் துடைக்கிறது. நான் உட்காருவது வலது பக்கம். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஒர்க்ஷாப் போக வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை.

என் முட்டி மாத்திரை குறைகிறது. இது சந்தேகம் அல்ல, நிச்சயம். ஊறுகாய்ப் போத்தலில் தோள் வரை இருந்தது, இப்போது இடுப்புக்கு வந்துவிட்டது. நான் ஒருவன் தின்று இவ்வளவு குறையாது.

சந்தேகப் பட்டியல்:
பா. (பாக்கியம், என் சம்சாரம். முழுப் பெயர் எழுத விரல் வலி).
த. (தர்ஷினி, மகள். யுனிவர்சிட்டி லேபில் வேலை, மேல்படிப்பும் அங்கேயே).
எலி.
நான். (மறதி. இதை எழுத மனமில்லை.)

நவம்பர் 5, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். தீபாவளி முறுக்கு நமுத்துப் போய்விட்டது, ஆனாலும் தின்றேன்.

பொறி வைத்தேன். போத்தல் மூடி மேல் பவுடர் தூவி வைத்தேன், திருடர் விரல் பதியட்டும் என்று. சாயங்காலம் பார்த்தால் பெரிய கட்டைவிரல் ரேகை. பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். பிறகு ஞாபகம் வந்தது: மத்தியானம் நானே திறந்து ஒன்று போட்டுக்கொண்டேன். போலீஸில் சேராதது நாட்டுக்கு நல்லது.

இந்த மாத்திரை சன்னாசி கொடுப்பது. சொந்தக்காரன் இல்லை, ஆனாலும் மச்சான். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்தோம். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்துவிட்டன. இப்போது அவனும் ஸ்கூல் வேன், நானும் ஸ்கூல் வேன். கிளட்ச் மிதித்து மிதித்து இரண்டு பேருக்கும் இடது முட்டி போயாச்சு. லூமுட்டில் ஒரு ஆள் மூலிகையை இடித்துக் கறுப்பு வில்லையாகத் தட்டிக் கொடுக்கிறாராம். சன்னாசி வாங்கி வந்து தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறான். போட்ட மறுநாளே மாடிப்படி ஏறினேன். எங்கள் வீட்டில் மாடி கிடையாது, கோயில் படி ஏறினேன்.

என்ன மருந்து என்று கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. தோட்டத்தில் கைவைத்தியம் எல்லாம் அப்படித்தான். "பேரு கேட்டா பலிக்காது மச்சான்" என்றான் முதல் நாளே. நியாயம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 6, புதன்

கிடைத்துவிட்டது. த.வின் பையில் குடை தேடினேன் (உண்மையாகவே குடைதான்). சின்ன பிளாஸ்டிக் உறை. உள்ளே என் மாத்திரை, பாதியாய் அறுத்தது. அறுத்த முகத்தில் வரிசையாய்ப் பொட்டுப் பொட்டாய்ச் சுட்ட குழிகள். உறை மேல் அவள் கையெழுத்தில் "அப்பா 2".

அறுத்து, சுட்டு, பேரும் எழுதி! நம் ஆளுகளுக்கு இதைப் பார்த்தால் ஒரே ஒரு யோசனைதான் வரும். எனக்கும் வந்தது.

பா.விடம் அடுப்படியில் கிசுகிசுத்தேன். அவள் கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"செய்வினை செய்யவா புள்ளய யுனிவர்சிட்டிக்கு அனுப்புனோம்? அதுக்கு மந்திரிக்கிற பூஜோங் மாமாகிட்ட விட்டிருக்கலாம்லா, ஃபீஸும் மிச்சம்."

"அப்பறம் ஏன் என் பேரு?"

"உங்க மாத்திரைல உங்க பேரு எழுதாம, பக்கத்து வீட்டு ஆ சோங் பேரா எழுதுவா?"

ஆனாலும் இரவுச் சாப்பாட்டில் த. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோது முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

நவம்பர் 7, வியாழன்

த.வை பஸ் நிலையத்தில் விட வேனில் கூட்டிப் போனேன். கேட்டுவிட்டேன். மறுக்கவே இல்லை.

"நான்தான்பா எடுத்தேன். கேட்டா குடுக்க மாட்டீங்க, பேரு கேட்டா பலிக்காதுன்னுவீங்க. உங்க மூஞ்சிய நீங்க பாத்தீங்களா? ஆறு மாசத்துல சட்ட காலர் பூட்ட முடியல. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி. போன வாரம் கிளினிக்ல சுகர் எகிறிப்போச்சு."

"தீபாவளி முறுக்கு."

"முறுக்கு தின்னா கழுத்துப் பின்னால சதை வைக்குமா?"

தொட்டுப் பார்த்தேன். வைத்திருந்தது. நான் செழிப்பு என்று நினைத்திருந்தேன்.

சுட்ட குழிக்கும் விளக்கம் சொன்னாள். அவர்கள் லேபில் லேசர் வெளிச்சத்தை ஒரு பொருள் மேல் அடிப்பார்களாம். திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் மாறி வருமாம், ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மாதிரி. மனுசன் கையெழுத்துப் போல. அதைப் படித்து இன்னது என்று சொல்லலாம். பழைய முறையில் லேசர் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று போகும். என் மாத்திரை கறுப்பு, வெளிச்சத்தைக் குடித்துச் சூடாகி வெந்துவிட்டது. கையெழுத்தும் கிடைக்கவில்லை. அதுதான் "அப்பா 2". "அப்பா 1" அதைவிட மோசமாய்க் கருகிவிட்டதாம். கேட்க நன்றாகவா இருக்கிறது?

சனிக்கிழமை புது முறையில் பார்க்கப் போகிறாள். நானும் வருகிறேன் என்றேன். என் மாத்திரையை என் கண் முன்னால் பார்க்கட்டும். மகளானாலும்.

நவம்பர் 9, சனி

வெயில். சுண்ணாம்பு மலைகள் பளிச்சென்று. தீபாவளிச் சட்டை, மேல் பட்டன் போடாமல் த.வின் லேபுக்குப் போனேன்.

லேசர் என்றால் கோயில் திருவிழா மேடை போல் பச்சையும் சிவப்புமாய் அடிக்கும் என்று நினைத்தேன். ஐஸ் பெட்டி மாதிரி ஒரு பெட்டி. மூடிவிட்டார்கள். வெளிச்சம் கண்ணுக்கே தெரியாதாம். மூலிகைப் பொடி சாதாரண வெளிச்சத்தில் தானே மினுங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறதாம், அதனால் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு. தெரியாத வெளிச்சத்தால் தெரியாத மருந்தைத் தேடுகிறார்கள். நான் மூன்றாவது தெரியாதவன், மூலையில் நாற்காலி.

"அப்பா, நீங்க வேன ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுபோயி நிறுத்தி ஏத்துறீங்கல்ல, அது பழைய மிஷினு. மாத்திரைய நகத்தி நகத்தி, ஒவ்வொரு புள்ளியா. ஒரு ராத்திரி ஓடும். இப்ப வேன் நகராது. முச்சந்தில நின்னுக்கிட்டு டார்ச்சலைட்ட தெரு பூரா ஒரு வீசு வீசுறோம். உள்ள ரெண்டு குட்டிக் கண்ணாடி ஆடி வெளிச்சத்தத் திருப்புது. எங்கயும் நிக்காததால கருகாது."

"அப்ப வேன்காரன் பொழப்பு போச்சு."

அவளுடைய பேராசிரியர், சீனப் பெண்மணி, இதற்குச் சிரித்தார். தமிழ் புரிந்ததா, என் முகத்துக்கா, தெரியவில்லை.

நான் கொண்டுபோன முறுக்கைப் பிரித்து ஆளுக்கு ஒன்று எடுப்பதற்குள் திரையில் படம் நிறைந்துவிட்டது. என் மாத்திரையின் வயிறு. பெரும்பாலும் பச்சை. நடுவில் நீலத் திட்டு. அங்கங்கே சிவப்புப் புள்ளிகள், மழைக்குப் பிறகு தரையில் கிடக்கும் பூவரசம் பூ போல. இல்லை, அது மஞ்சள். கொசுக் கடி போல.

"பச்சை இல, தழை. நீலம் மாவு. சிவப்பு மட்டும் தனியா பொடிப்பொடியா கலந்திருக்கு பாருங்க. அது எந்தச் செடியிலயும் வராது. மருந்துக் கம்பெனில செய்யறது. ஸ்டீராய்டு. உங்க மூஞ்சி ஊதுனது, சுகர் ஏறுனது எல்லாம் இதாலதான்."

"சன்னாசி குடுத்ததுல அது எப்படி வரும்?"

"இன்னொரு டெஸ்ட்டும் பண்ணித்தான் எழுதிக் குடுப்போம்பா. ஆனா நீங்க அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். இன்னிக்கே கிளினிக்."

"இனிமே கையால தொட்டா கேளு. மொத்தத்தையும் லோங்காங் சாக்கடைல கொட்டறேன்."

த. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பது போல. "அதான் கூடாது! ரொம்ப நாள் தின்ன உடம்பு, தானா சுரக்க வேண்டியத நிறுத்திடும். சட்டுனு விட்டா ஆளே விழுந்துருவாங்க. டாக்டர் சொல்ற மாதிரிதான் குறைக்கணும்."

டாக்டரும் அதையே சொன்னார். கூடுதலாகத் திட்டினார். இனிமேல் அவர் கொடுக்கும் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. இதற்குப் பெயர் உண்டு, உறையில் அச்சடித்திருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. ஒரே கேள்வி. சன்னாசிக்குத் தெரியுமா?

தெரியும் என்பதற்கு: வேனுக்கு நாலும் புது டயர். எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறான். பெயர் கேட்காதே என்று சொன்னவனே அவன்தான்.
தெரியாது என்பதற்கு: சன்னாசி.

மாமாக் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன், சன்னாசியும் வந்தான். முதலாளி காதர் பாய் இரண்டு தே தாரிக் வைத்துவிட்டுப் போனார். போனில் படத்தைக் காட்டினேன். த. சொன்னதைச் சொன்னேன், என்னால் முடிந்த அளவுக்கு.

"இது என்ன, பூப்போட்ட பாத்தேக் துணியா?" என்றான்.

"உன் மாத்திரை மச்சான். சிவப்பு விஷம்."

"உன் மவ லேசரு உன் முட்டிவலியப் போக்குச்சா? என் மாத்திரை போக்குச்சு."

"மச்சான், உனக்குத் தெரிஞ்சே குடுத்தியா?"

கேட்டிருக்கக் கூடாது. கிளாஸை வைத்த வேகத்தில் மேசை நனைந்தது. "லூமுட் ஆளு நம்பர் வேணும்னா நேரா கேளு. நீயே வியாபாரம் பண்ணு. அதுக்கு ஏன் வெசம், கிசம்?"

அப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். இத்தனை நாளும் பார்த்த முகம். என்னுடையதைவிட வட்டம். முழு நிலா. கைத்தோலில் தொட்ட இடமெல்லாம் ஊதா. என்னைவிட அதிகமாய்த் தின்றிருக்கிறான். தெரிந்தவன் தின்பானா?

சந்தேகப்பட்ட வாயைக் கழுவத் தேத்தண்ணி போதாது. ஆனால் அவனுக்குக் கோபம் ஏறிவிட்டது. பையிலிருந்த போத்தலைத் திறந்து, கடை முன்னால் ஓடும் லோங்காங்கில் கவிழ்த்தான். "இந்தா. இனிமே நானும் தொட மாட்டேன். சரியா?"

"ஐயோ, கொட்டாத! சட்டுனு நிறுத்தக் கூடாதுடா!"

எல்லா மேசையும் எங்களைப் பார்த்தது.

"வெசம்னும் சொல்ற, நிறுத்தாதன்னும் சொல்ற. எதுலா மச்சான்?"

"ரெண்டும்தான். கிளினிக் வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

போய்விட்டான். தேத்தண்ணிக்குப் பணம் கொடுக்காமல். அவன் அப்படிப் போனதே இல்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும். த.விடம் சொன்னேன், அவள் முகம் போன போக்கு பிடிக்கவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது, உள்ளே விளக்கு. செல்வி (அவன் சம்சாரம்) ஜன்னலில் வந்து, "படுத்திருக்காருண்ணே. உங்கள உள்ள விட வேணாம்னாரு" என்றாள். நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கூட்டிப் போ என்று மழையில் நின்று கத்தினேன். தலையை ஆட்டினாள். கேட்டதா, போகச் சொன்னாளா?

என் மேலும் அவளுக்குச் சந்தேகம். இந்த வாரம் யாருக்குத்தான் யார் மேல் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பள்ளி வாசலில் ஒரு தாய்: "அங்கிள், சன்னாசி அங்கிள் வேன் வரவே இல்ல, போனும் பண்ணல." வேனைத் திருப்பினேன். மழை, என் பக்கம் வைப்பர் இல்லாமலே. கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று தெரியாது.

இந்த முறை கேட் திறந்திருந்தது. கூடத்தில் பாய் மேல் சன்னாசி. விடிந்ததிலிருந்து வாந்தி. உட்கார வைத்தால் தலை சாய்கிறது. செல்வி: "வயித்துக் கேஸ்டிக்னு நெனச்சேன்ணே." தோளில் கை கொடுத்துத் தூக்கினோம். பின் சீட்டில், யாரோ விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல், கலர் பென்சில் நடுவில் படுக்க வைத்தோம். செல்வி மடியில் தலை.

ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு. இளம் டாக்டர், மலாய்ப் பெண். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். செல்வி, நேற்று ரசம் சோறு என்றாள். நான் போனை நீட்டினேன், எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். படத்தை ஒரு நொடிதான் பார்த்தார். "எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்? எப்போது நிறுத்தினார்?"

ஞாயிறு. என் முன்னால். நான் விஷம் என்று சொன்னதால்தான்.

அதைச் சொன்னதும் அவர் நடை மாறியது. நர்ஸைக் கூப்பிட்டார், ஊசி, சலைன். பிரஷர் அடிமட்டத்தில் என்றார்கள். கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்டாள், பிறகு திரும்பவும் பிடித்தாள்.

த. வேலையிலிருந்து ஓடி வந்தாள். மாத்திரைத் துண்டையும், இரண்டாவது டெஸ்ட்டும் முடித்த அறிக்கையையும் டாக்டரிடம் கொடுத்தாள். நான் போய்க் காதர் பாய் கடையில் ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணிப் பணத்தைக் கொடுத்தேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 13, புதன்

என் ட்ரிப், பிறகு அவன் ட்ரிப். அவன் வேன் கிளட்ச் என்னுடையதைவிடக் கல். அவன் பிள்ளைகள் என்னை நம்பவில்லை. "நீங்க யாரு அங்கிள்?" ஒரு குட்டி அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் ஏறியது. சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் செய்தி: வாந்தி நின்றது. பேசவில்லை.

பா. ரசம் வைத்துக் கொடுத்தாள். முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்த்தாள். திட்டவில்லை. அது கொஞ்சம் பயமாக இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

வெயில், பிறகு மழை. ஒர்க்ஷாப் போகவில்லை.

வார்டில் சன்னாசி கண் திறந்திருந்தான். செல்வி கேன்டீனுக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்து முதல் வார்த்தை:

"வேன யாரு ஓட்டறா?"

"நான்தான்."

"கிளட்ச பாத்து மிதி. முட்டி வலிக்குதா?"

"உயிர் போவுது."

"எனக்கும்." என் பக்கம் தலையைத் திருப்பினான். "எனக்குத் தெரியாது மச்சான். சாமி சத்தியமா."

"தெரியும்டா. கேட்டதுதான் தப்பு."

"லூமுட் ஆளு போன எடுக்க மாட்டேங்கிறான். செல்விய போன் அடிக்கச் சொன்னேன்." பிறகு: "நான் குடுத்தவங்க எல்லாம் இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. முனியம்மா அக்கா, தைப்பிங்ல செல்வி தம்பி, கோயில் மேளக்காரரு. நீ போயிச் சொல்லணும். தூக்கிப் போடக் கூடாது, டாக்டர்கிட்ட போகணும்."

"எப்படிச் சொல்ல? வெசம், ஆனா நிறுத்தாதன்னு சொன்னா நீயே நம்பல. அவங்க என்னய அடிச்சு வெரட்டுவாங்க. என் மவ லேசர் படத்தக் காட்டச் சொல்லாத, பாத்தேக் துணிம்பாங்க."

சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. சலைன் குழாய் ஆடியது.

"அப்ப என்னய போட்டோ எடு" என்றான். "அத அவங்ககிட்ட காட்டு. மூஞ்சி முழுசா தெரியணும். ஊசி, பாட்டில் எல்லாம் தெரியணும். சிரிக்க வெக்காத."

எடுத்தேன். சலைன் பாட்டில் படத்தில் வரவில்லை. இன்னொன்று எடுத்தேன்.