ஒரே ஸ்டாண்டில் இருந்தவர்கள்

பிப்ரவரி 3

ஒத்திகைக்கு முன் கூட்டம். எங்கள் ஆர்கெஸ்ட்ரா, இசைக்கல்லூரி, பல்கலைக்கழகம் மூன்றும் கைகோத்து மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கு மறுபடி உயிர் கொடுக்கப் போகின்றனவாம். இனி இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டு ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர், எங்களில் ஒருவர். ஆகவே இத்தனை வருடம் ஒரே ஸ்டாண்டில் வாசித்த இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். “வீட்லயும் ஜோடி, இங்கயும் ஜோடியா? கொஞ்சம் காத்து வாங்குங்க!” என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். இவரும். நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 5

யோசித்துப் பார்த்தால், எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சே அந்த ஸ்டாண்டில் நடந்ததுதான். பக்கம் முடியும்போது இவர் லேசாகத் தலையசைப்பார். நான் வயலினை நிறுத்திவிட்டுத் தாளைப் புரட்டுவேன். வீட்டிலோ, சாப்பாடு ஆச்சா, கதவைப் பூட்டியாச்சா — அவ்வளவுதான். சண்டையா? அதற்கும் ஒரு பிடிப்பு வேண்டுமே. எப்போது நின்றது? தெரியவில்லை. வருத்தமும் இல்லை. மரத்துப்போன கால் வலிக்குமா என்ன?

பிப்ரவரி 17

நான்கு ஸ்டாண்டு தள்ளி இவருடைய பிடரி. என் பக்கத்தில் ஒரு வாயாடி மாணவி. “அக்கா, அவர்தான் உங்க வீட்டுக்காரரா? ரெண்டு பேரும் பாத்துக்கவே மாட்டேங்கறீங்களே!”

“பாத்துப் பாத்து அலுத்துப்போச்சும்மா” என்றேன்.

மார்ச் 9

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 22

கச்சேரி. வாசிக்கும் முன் எங்களில் ஒருவர் சபையிடம் பேச வேண்டும் என்பது பல்கலைக்கழகப் பேராசிரியையின் யோசனை. இவரை எழுப்பிவிட்டார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருக்கிற மனுஷர் மைக்கைப் பிடித்துச் சொல்கிறார்:

“இந்த மெதுவான பகுதியில எங்க வரிசைக்கு மெட்டே கிடையாது. ஒரே சுரத்தை இழுத்துக்கிட்டு இருப்போம். இத்தனை வருஷமா அந்த நேரத்துல என் மனைவி வாசிக்கிறதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப அவங்க தள்ளி உக்காந்திருக்காங்க. எனக்குக் கேக்கல.”

கைதட்டல். பாவி மனுஷா! ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது, எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?

மார்ச் 23

கேட்டேவிட்டேன்.

“பக்கத்துலயே இருந்தே. தெரியும்னு நெனச்சேன்” என்றார். பிறகு, “நான் வாசிச்சது உனக்குக் கேட்டுச்சா?”

“தாளைப் புரட்டவே நேரம் சரியா இருந்துச்சு” என்றேன். சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

ஏப்ரல் 30

திட்டம் அடுத்த வருடமும் தொடர்கிறது. “நீங்க ரெண்டு பேரும் வேணா பழையபடி சேர்ந்து உக்காந்துக்குங்க” என்று மேனேஜர் சலுகை காட்டினார். வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார். எனக்குத் திக்கென்றது.

வரும் வழியில் தன் பக்கத்து மாணவன் அடிக்கும் கூத்தையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நான் என் வாயாடியைப் பற்றிச் சொன்னேன். வீட்டைத் தாண்டி ஒரு தெரு போன பிறகுதான் கவனித்தோம்.